ஏறி இறங்கும் ஆன்டெனா

பவர் ஆன்டெனா வேலை செய்யவில்லை என்றால் கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தெருச் சத்தம் அடங்கிய நேரமாகப் பார்த்து, சாவியைத் திருப்பி, ரேடியோவைப் போட்டுவிட்டு, ஆன்டெனா இருக்கும் மட்கார்டு அருகே போய் நில்லுங்கள். பழுது எங்கே என்பதில் பாதியை அங்கே கேட்கும் சத்தமே சொல்லிவிடும்.

மோட்டார் ஓடுகிறது, ‘கர்ர்ர்’ என்று சில விநாடிகள் கேட்கிறது, ஆனால் கம்பி அசையவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. உள்ளே உள்ள நைலான் கயிறு அறுந்திருக்கிறது. கம்பி பாதி வரை வந்து, அங்கேயே ‘டக் டக் டக்’ என்று தட்டிக்கொண்டு நின்றால் கம்பி வளைந்திருக்கலாம், அல்லது அடுக்குகளுக்குள் அழுக்கு கட்டியிருக்கலாம். மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க உள்ளே ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். அது வழுக்குகிற சத்தம்தான் அது. கம்பி முழுதாக ஏறிய பிறகு ஓரிரு முறை தட்டிவிட்டு அடங்குவது பல மாடல்களில் இயல்பு. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். எந்தச் சத்தமும் இல்லை என்றால்தான் ஃபியூஸ், வயர், ரிலே, கடைசியாக மோட்டார் என்று தேடிப் போக வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பெங்களூரில் நான் பார்த்த வரையில், கழற்றி எறியப்படும் பவர் ஆன்டெனாக்களில் பெரும்பாலானவற்றின் மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. போனது கம்பியும் கயிறும் மட்டும்தான். ஆனால் பட்டறைக்குப் போனால் “அசெம்பிளியே மாத்திடலாம் சார்” என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். முழு யூனிட்டை மாற்றுவது மெக்கானிக்குக்கு எளிது. உங்கள் காருக்கு அது நஷ்டம். தொழிற்சாலையில் பொருத்திய மோட்டார், அதன் பிராக்கெட், மட்கார்டின் சாய்வுக்கு ஏற்ப வார்த்த ரப்பர், குரோம் நட்டு எல்லாம் ஒரு முறை போனால் அதே தரத்தில் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி கம்பியை மட்டும் மாற்றுவதைப் பற்றியது. முழு யூனிட்டை மாற்றுவது கடைசி வழி. அதையும் பிறகு பார்ப்போம்.

உள்ளே இருப்பது சிக்கலான இயந்திரம் அல்ல. 12 வோல்ட் டிசி மோட்டார் ஒன்று, அது சுழற்றும் பல்சக்கரம் ஒன்று, பக்கத்தில் வட்ட டப்பா ஒன்று. கம்பியின் அடிப்பகுதியிலிருந்து ஒரு நைலான் கயிறு கீழே இறங்கி அந்த டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும். கயிற்றின் ஒரு பக்கம் முழுக்கப் பற்கள். பல்சக்கரம் ஒரு திசையில் சுற்றினால் கயிறு வெளியே தள்ளப்பட்டுக் கம்பி அடுக்கடுக்காக நீளும். எதிர்த் திசையில் சுற்றினால் கயிறு உள்ளே இழுக்கப்பட்டுக் கம்பி மடங்கும். நைலான் வயதாகும்போது இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. முப்பது வருடம் ஆன கயிறு அறுவதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. காரின் கவரை அவசரமாக இழுக்கும்போது அதன் ஓரம் கம்பியின் குமிழில் மாட்டினாலே போதும்.

இந்த நகரத்தில் நீங்கள் வைத்திருக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களோடும் தூதரகங்கள் வழியாகவும் இந்தியாவுக்குள் வந்தவை. 1989இலிருந்து 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1971இலிருந்து 1989 வரை விற்ற மெர்சிடீஸ் எஸ்எல் ஆர்107, எண்பதுகளின் ஜப்பானிய கூப்பேக்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் காலத்தில் மோட்டார் ஆன்டெனா ஒரு அந்தஸ்து. ஆனால் அந்தஸ்துக்காக மட்டும் வைத்ததல்ல. துணிக்கூரை வண்டியில் ஆன்டெனா வைக்க இரும்புக் கூரை கிடையாது. பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதில் ஆன்டெனா கோடுகளை அச்சிடவும் முடியாது. மட்கார்டுதான் மிச்சம். எம்எக்ஸ்-5இல் அது பின் மட்கார்டில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. முன்னால் என்ஜினின் ஸ்பார்க் பிளக் வயர்கள் கிளப்பும் மின் இரைச்சலிலிருந்து ஆன்டெனா தள்ளி நிற்கிறது.

கம்பியின் நீளமும் கணக்கில்லாமல் வைத்ததல்ல. பெங்களூரில் 2001 ஜூலையில் ரேடியோ சிட்டி தொடங்கியபோது, இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் என்ற பெயர் இந்த நகரத்துக்குக் கிடைத்தது. அதன் 91.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர், அதில் கால் பங்கு 82 சென்டிமீட்டர். விவித் பாரதியின் 102.9க்கு அதே கணக்குப் போட்டால் 73 சென்டிமீட்டர். கால் அலை நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். முழுதாக நீட்டிய கார் ஆன்டெனாக்கள் பலவும் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. அதனால்தான், குட்டையான ரப்பர் ஆன்டெனாவை மாட்டிவிட்டு “ஸ்டைலாக இருக்கிறது” என்பவர்கள் ஓசூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் இரைச்சலைக் கேட்கிறார்கள்.

ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் ரேடியோவையும் விசாரிக்க வேண்டும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. பெங்களூரின் முக்கிய நிலையங்களோ 91.1, 92.7, 98.3, 101.3, 102.9 என்று எல்லாமே அதற்கு மேல். ஆன்டெனா புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த ரேடியோவில் ஒன்றும் கேட்காது. அதற்கு, வரும் அலைகளைக் கீழே இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சிறிய பெட்டியை ஆன்டெனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே பொருத்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த ரேடியோ என்றால் சிக்கல் மீடியம் வேவில். அங்கே நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, இங்கே 9. ஆகாசவாணி பெங்களூர் 612இல் இருக்கிறது, எண் காட்டும் அமெரிக்க டிஜிட்டல் ரேடியோவோ 610இலிருந்து நேராக 620க்குத் தாவும். குரல் கரகரக்கும். சில ரேடியோக்களின் அடியிலோ பக்கத்திலோ 9க்கு மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ரேடியோவில் குறை இல்லை, மோட்டாரில் சத்தமும் இல்லை என்றால் ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். பவர் ஆன்டெனாவுக்குப் பொதுவாக மூன்று தொடர்புகள். ஃபியூஸ் வழியாகப் பாட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும் வயர் ஒன்று, எர்த் ஒன்று, ரேடியோ ஓடும்போது மட்டும் 12 வோல்ட் வரும் சிக்னல் வயர் ஒன்று. சிக்னல் வந்தால் ஏறும், நின்றால் இறங்கும். ஏற்றவும் இறக்கவும் மோட்டாரின் திசையை மாற்றும் ரிலே ஆன்டெனாவுக்குள்ளேயோ அருகிலேயோ இருக்கும். இன்னும் பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் மேலே, கீழே என்று அழுத்தும் சுவிட்சே இருக்கும்; அவற்றில் மோட்டாருக்கு இரண்டே வயர், சுவிட்ச்தான் திசையை மாற்றும். இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொண்டு ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டினால் ஏறிய கம்பி இறங்காது.

புது ரேடியோ மாற்றிய வண்டிகளில் அதிகம் பார்க்கும் கோளாறு நீல வயரில். ரேடியோவின் பின்னால் முழு நீலத்தில் ஒரு வயரும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயரும் வரும். முழு நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபையருக்கு. இரண்டிலும் 12 வோல்ட் வருவதால் எது கைக்கு வருகிறதோ அதில் இணைத்துவிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு வயரில் இணைத்தால் நீங்கள் போனிலிருந்து பாட்டுக் கேட்டாலும் கம்பி ஏறி நிற்கும். முழு நீலத்தில் இணைத்தால் பல ரேடியோக்களில் வானொலி கேட்கும்போது மட்டும் ஏறும். கம்பி தேவையில்லாமல் ஏறி நிற்காததே அதன் ஆயுளுக்கு நல்லது, அதிலும் மால்களின் அடித்தள பார்க்கிங்கில் தாழ்வான பீம்களும் தண்ணீர்க் குழாய்களும் இருக்கும் இந்த ஊரில். இன்னொன்றையும் மறக்காதீர்கள். அந்த நீல வயர் சிக்னல் தருவதற்கு மட்டுமே. மோட்டாரையே நேராக அதில் மாட்டினால் ரேடியோ எரியும்.

கம்பி மாற்ற முடிவு செய்துவிட்டால், பாகம் தேடுவது அடுத்த வேலை. கீழே சொல்லும் முறையில் கழற்றிய கம்பியையும் அறுந்த கயிற்றையும் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். பொருளைக் காட்டிக் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டில் ஆக்சசரி கடைகளும் உதிரிபாகக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. யூனிவர்சல் பவர் ஆன்டெனாவும் சில சமயம் கயிற்றோடு தனிக் கம்பியும் அங்கே கிடைக்கும். ரிலே, பிளக், ஃபியூஸ் ஹோல்டர், நல்ல சாலிடர் வாங்க எஸ்.பி. ரோட். பழைய காரிலிருந்து கழற்றிய பொருள் வேண்டுமென்றால் சிவாஜிநகர் குஜ்ரி, அதாவது பழைய பொருள் சந்தை. அங்கே தமிழ் நன்றாகவே ஓடும். “அண்ணா, இந்த ஆன்டெனாவுக்கு மோட்டார் இருக்கு, கயிறோட கம்பி மட்டும் வேணும்” என்று தெளிவாகக் கேளுங்கள். “பவர் ஆன்டெனா இருக்கா?” என்று மட்டும் கேட்டால் முழு யூனிட்டின் விலையிலிருந்துதான் பேரம் தொடங்கும்.

மெர்சிடீஸ் எஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு அதிகம். 1995இலிருந்து புணேயில் பூட்டி விற்ற டபிள்யூ124 இ-கிளாஸ் கார்கள் இந்தியா முழுக்க ஓடின, இப்போது குஜ்ரிக்கும் வருகின்றன. அவற்றில் ஜெர்மனியின் ஹிர்ஷ்மன் கம்பெனியின் ஆன்டெனாக்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரே கம்பெனி என்பதால் கம்பியும் ஒன்றாகிவிடாது. அளந்து பார்த்தே வாங்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் ஹரடா என்ற பெயரை யூனிட்டின் மேல் தேடுங்கள். அந்தப் பெயரும் பாக எண்ணும் கிடைத்தால் வெளிநாட்டிலிருந்து சரியான கம்பியைத் தருவிப்பது எளிது. கர்நாடகா விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப்பைச் சேர்ந்தவர்களிடம் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் அலமாரியில் பாகங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடையில் வைத்தே ஒப்பிட வேண்டியவை: கயிற்றின் தடிமன், பற்களுக்கு இடையிலான தூரம், கயிற்றின் நீளம், கம்பியின் அடிப்பகுதி விட்டம், நீட்டிய உயரம். இவற்றில் பல் இடைவெளிதான் மிக முக்கியம். பழைய கயிற்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல்லும் பல்லும் பொருந்துகிறதா என்று ஒரு சாண் நீளத்துக்குப் பாருங்கள். நாலைந்து பல் பொருந்தி, பிறகு மெல்ல மெல்ல விலகிப் போனால் அந்தக் கயிறு வேண்டாம். அது பல்சக்கரத்தைச் சீவித் தள்ளிவிடும். நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அளந்து வெட்டிக்கொள்ளலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி வேலை. துணைக்கு ஒருவர் வேண்டும், ரேடியோவைப் போடவும் அணைக்கவும். முதலில் ஆன்டெனாவைச் சுற்றி மட்கார்டு பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். மேலே தெரியும் குரோம் நட்டு பல வண்டிகளில் சாதாரண ஸ்பேனருக்கு அடங்காது. இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும். அதற்கான பிடி கிடைக்காவிட்டால் நுனி மெல்லிய பிளையரின் இரு முனைகளிலும் டேப் சுற்றி, அந்த வெட்டுகளில் வைத்து மெதுவாகத் திருப்பலாம். இறுகியிருந்தால் துருவிளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் பிளையர் நழுவும், நழுவினால் மட்கார்டில் கோடு விழும். அந்தக் கோட்டைச் சரிசெய்ய ஆகும் டிங்கரிங், பெயின்டிங் செலவில் நாலு ஆன்டெனா வாங்கலாம்.

நட்டைக் கழற்றியதும் துணையாளை ரேடியோ போடச் சொல்லுங்கள். மோட்டார் கயிற்றைத் தள்ளும். நீங்கள் கம்பியைப் பிடித்து, அது வருகிற வேகத்துக்கே மேல்நோக்கித் தூக்க வேண்டும். முரட்டு இழுப்பு வேண்டாம். கம்பி, அதன் பின்னால் பித்தளை வளையம், அதன் பின்னால் கருத்த எண்ணெய்ப் பிசுக்கோடு நைலான் கயிறு என்று வரிசையாக வெளியே வரும். வெளியே வந்ததும் கயிற்றின் கடைசி நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். நேராக வெட்டியது போலச் சுத்தமாக இருந்தால் முழுக் கயிறும் வந்துவிட்டது. பிய்ந்து, வெளிறி, சில்லு சில்லாக இருந்தால் மிச்சம் உள்ளேதான் கிடக்கிறது. கயிற்றின் பற்கள் எந்தப் பக்கம் பார்த்தபடி வெளியே வந்தன என்பதையும் அப்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கமா பின்பக்கமா என்பது மாடலுக்கு மாடல் வேறு. கயிறு முழுக்க வெளியே வந்த பிறகு ஊகம் செய்து பயனில்லை.

மிச்சம் உள்ளே இருந்தால் யூனிட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டிக்கியின் பக்கவாட்டு அட்டையையோ கார்பெட்டையோ எடுத்தால் யூனிட் தெரியும். வயர் கனெக்டர், ஆன்டெனா வயர், கீழே தண்ணீர் வடியும் குழாய், பிராக்கெட்டின் போல்ட், இவ்வளவுதான். வெளியே எடுத்து மேஜை மேல் வைத்து டப்பாவின் மூடித் திருகுகளைக் கழற்றினால், உள்ளே போட்ட பழைய கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு போல இறுகி நிற்பதைப் பார்ப்பீர்கள். அறுந்த துண்டு பல்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே மடிந்து கிடக்கும். மெல்லிய பிளையரால் எடுத்துவிட்டு, நைலான் துகள்களைப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் ஒன்று விடாமல் துடையுங்கள். பழைய கிரீஸை முழுதாக வழித்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கனத்த கிரீஸ் இங்கே உதவாது.

மூடியைத் திறந்த கையோடு தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். கம்பி ஏறி இறங்கும் ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்றவே அடியில் ஒரு சிறு குழாய் வைத்து, வண்டியின் தரை வழியாகக் கீழே விட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் அது அடைபட எல்லா ஏற்பாடும் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் தெருவோரப் புங்க மரங்கள் பூவைக் கொட்டித் தீர்க்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய வண்டியின் மேல் பிசின் படியும். கட்டுமானத் தூசி வருடம் முழுக்க. இவை கம்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கிக் குழாயின் வளைவில் மண்டுகின்றன. மே மாதக் கோடை மழை வரும்போது தண்ணீர் போக வழியில்லாமல் மோட்டாருக்குள் நிற்கிறது. குழாயில் வாய் வைத்து ஊதாதீர்கள். சைக்கிள் பம்பால் காற்றடித்து, பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, அது வண்டிக்கு அடியில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வண்டியில் பாட்டரி இருப்பதும் டிக்கிக்குள்தான். கம்பெனி பொருத்தியது வாயுவை வெளியே விடக் குழாய் வைத்த, அமிலம் சிந்தாத வகைப் பாட்டரி. அது தீர்ந்த பிறகு உள்ளூரில் கிடைத்த சாதாரண பாட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்துவிட்டால், சார்ஜ் ஆகும்போது வரும் அமில ஆவி மூடிய டிக்கிக்குள்ளேயே சுற்றும். ஆன்டெனா கனெக்டரின் பித்தளை முனைகள் பச்சையாகப் பூத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கனெக்டரைச் சுத்தம் செய்வதோடு நிற்காமல் பாட்டரியையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது ஆன்டெனாவும் அதே கதிக்கு வரும். அந்த ஆவி வண்டித் தகட்டையும் தின்னும்.

யூனிட்டைக் கழற்றியிருந்தால் முதலில் அதை மாட்டி, பாட்டரியை மறுபடி இணைத்து, ரேடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கம்பியை ஏற்றும்போது அதன் அடுக்குகளை முழுதாக நீட்டிக்கொள்ளுங்கள். படத்தில் பார்த்த அதே திசையில் பற்கள் இருக்குமாறு கயிற்றின் நுனியைக் குழலுக்குள் விட்டு, பல்சக்கரத்தைத் தொடும் வரை இறக்குங்கள். தொட்டதும் கையில் ஒரு தடுப்புத் தெரியும். இப்போது துணையாள் ரேடியோவை அணைக்க வேண்டும். மோட்டார் எதிர்த் திசையில் ஓடி, கயிற்றைக் கவ்வி உள்ளே இழுக்கும். நீங்கள் கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டு, போகிற வேகத்துக்கு விட்டுக்கொடுத்தால் போதும். முதல் முறையே கவ்வாமல் போகலாம். மோட்டார் குறிப்பிட்ட நேரம்தான் ஓடும், அதற்குள் கயிறு பிடிபடவில்லை என்றால் மறுபடி போட்டு அணைக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் வழுக்கினால் பற்களின் திசை தவறாக இருக்கலாம். கயிற்றைப் பாதி சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பித்தளை வளையம் உட்கார்ந்த பிறகு நட்டைக் கையால் போட்டு, கடைசியில் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதன் பிறகு நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் கயிறு தன் இடத்தில் படிந்துவிடும்.

மோட்டார் உண்மையிலேயே எரிந்துபோயிருந்தால், யூனிவர்சல் யூனிட்தான் வழி என்றால், மட்கார்டு ஓட்டையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து கொண்டு போங்கள். ஓட்டை சின்னதாக இருக்கிறது என்று எந்தப் பட்டறையிலும் அதை அரம் வைத்துப் பெரிதாக்க விடாதீர்கள். வேறு யூனிட் தேடலாம், வெட்டிய தகட்டை மீட்க முடியாது. டிக்கிக்குள் இருக்கும் ஆழத்தையும் அளக்க வேண்டும். மட்கார்டின் சாய்வுக்கு ஏற்றபடி ஆப்பு வடிவ ரப்பர்கள் சில பெட்டியிலேயே வரும். பின்னால் நின்று பார்த்தால் கம்பி செங்குத்தாகத் தெரியும்படி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எர்த் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆன்டெனாவின் மேல்பகுதிக்குக் கீழே வரும் பல் வாஷர், மட்கார்டின் அடிப்பக்க இரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே பெயின்ட்டோ அடிப்பூச்சோ இருந்தால் கடிக்காது. அப்போது ரேடியோ வேலை செய்யும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஆல்டர்னேட்டரின் ‘ஊய்ய்’ சத்தம் பாட்டோடு கூடிக் குறையும். வாஷர் உட்காரும் வளையத்தை மட்டும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும் பொருத்திவிட்டு, வெளிப்புற ஓரத்தில் துரு பிடிக்காமல் வாசலின் பூசுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்துப் பாருங்கள். ரேடியோ பக்கத்து பிளக்கின் வெளிவளையத்துக்கும் வண்டி பாடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கம்பிக்கும் பாடிக்கும் இருக்கவே கூடாது. இருந்தால் அடியில் ஈரமோ ஷார்ட்டோ உள்ளது. கம்பியின் நுனிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் தொடர்பு காட்ட வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர் வைத்த சில வகைகளில் மட்டும் இது காட்டாது.

வயர் எட்டவில்லை என்று டிவி கேபிளை ஒட்டுப்போடுவது இங்கே சகஜம். எஃப்எம்மில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மீடியம் வேவ் படுத்துவிடும். 612 கிலோஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம் 122 மீட்டர். அதன் முன்னால் உங்கள் கம்பி ஒன்றுமே இல்லை. ஆகவே அது பிடித்துத் தரும் சிக்னல் மிக மெலிது, வழியில் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதைக் குறைக்கவே கார் ஆன்டெனா கேபிளில் நடுக்கம்பியை முடி போல் மெல்லிசாக வைத்து, சுற்றிலும் காற்றிடம் விட்டிருக்கிறார்கள். கார் ஆன்டெனாவுக்கென்று விற்கும் எக்ஸ்டென்ஷனையே வாங்குங்கள். ஐரோப்பிய வண்டியின் பிளக்கும் ஜப்பானிய வண்டியின் பிளக்கும் வேறு என்பதால், அதற்குரிய மாற்றியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

பழைய ரேடியோவில் கடைசியாக ஒரு திருத்தம் உண்டு. ஆன்டெனா பிளக் சொருகும் இடத்துக்கு அருகிலோ டியூனிங் குமிழுக்குப் பின்னாலோ ஒரு சின்னத் திருகு இருக்கும், அது டிரிம்மர். கம்பியை முழுதாக நீட்டி, மீடியம் வேவில் 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிதாகக் கேட்கும் ஏதாவது ஒரு ஒலியைப் பிடித்து, அது உச்சமாகக் கேட்கும் வரை அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். கம்பி மாற்றினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும். இரவில் மீடியம் வேவ் வெகு தூரம் போகும் என்பதால், திருச்சி 936ஐயும் சென்னை 720ஐயும் இருட்டிய பிறகு தேடிப் பாருங்கள். அவை தெளிவாக வந்தால் கம்பி, எர்த், கேபிள், டிரிம்மர் நான்கும் சரி.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை கம்பியை ஏற்றி, ஈரத் துணியால் துடைத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் அந்த எண்ணெயையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தங்கினால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ரேடியோவே கேட்காதவராக இருந்தாலும் வாரம் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். அசையாமல் கிடக்கும் கயிறுதான் ஒட்டிக்கொள்கிறது. வண்டியை வாஷுக்கு விடும்போது ரேடியோவை அணைத்து, கம்பி இறங்கியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

முழு யூனிட்டை மாற்ற நேர்ந்திருந்தால், கழற்றிய பழையதைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். குரோம் நட்டு, சாய்வு ரப்பர், பிராக்கெட், பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த வண்டி, யூனிட்டின் மேலுள்ள பாக எண், எந்த நிற வயர் எதற்கு, பற்கள் எந்தப் பக்கம் பார்த்தன என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். சரியான மோட்டார் என்றாவது குஜ்ரியில் கண்ணில் படும். அன்று இந்தப் பை இல்லையென்றால் அந்த மோட்டாரை வாங்கியும் மாட்ட முடியாது.